சங்கிலி ரம்பத்துக்கு எந்தச் சாணை இயந்திரம் வாங்குவது?

சிங்கப்பூரில் நிலவனப்பு நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர்களிடம் மரமேறி வெட்டுவதற்கான சிறிய சங்கிலி ரம்பங்கள் நான்கும், தரையில் நின்று வெட்டுவதற்கான பெரிய ரம்பங்கள் மூன்றும் இருக்கின்றன. ஊழியர்கள் ஆளுக்கொரு விதமாக அராவுவதால் சங்கிலிகள் நேராக வெட்டாமல் ஒரு பக்கம் இழுக்கின்றன. அதனால் மின்சாரச் சாணை இயந்திரம் ஒன்று வாங்க நினைக்கிறார். அவர் முன் மூன்று தேர்வுகள் உள்ளன: இணையக் கடையில் கிடைக்கும் 220 வாட் பிளாஸ்டிக் உடல் கொண்ட மலிவான இயந்திரம், அமெரிக்காவிலிருந்து தருவிக்கக்கூடிய 120 வோல்ட் இயந்திரம், உள்ளூர் முகவரிடம் இருக்கும், இத்தாலியில் தயாரான, விலை கூடிய இயந்திரம்.

நேரடியாகச் சொல்வதானால் மூன்றாவதை வாங்குங்கள். அதுவும் பெயர்த்தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருப்பதைப் பார்த்த பிறகே வாங்குங்கள். இரண்டாவதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். முதலாவது, எப்போதாவது ஒரு சங்கிலி மழுங்கும் தனியாளுக்குப் போதும்; ஏழு ரம்பங்கள் அன்றாடம் வேலை செய்யும் இடத்துக்குப் போதாது. இப்படிச் சொல்வதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கடையில் வேறொரு மாதிரியைக் காட்டினாலும் அதை நீங்களே எடைபோட முடிய வேண்டும்.

இன்று நாம் பயன்படுத்தும் சங்கிலிப் பல்லின் வடிவம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி 1940களின் பிற்பகுதியில் உருவாக்கியது. மரத்தைக் குடையும் வண்டின் புழு தன் தாடைகளால் இடமும் வலமும் மாறிமாறிச் சுரண்டுவதைக் கண்டு அவர் அதை அமைத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. சாணை இயந்திரம் வாங்குகிறவருக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. சங்கிலியில் இடப்பல்லும் வலப்பல்லும் மாறிமாறி வருகின்றன. ஒவ்வொரு பல்லுக்கும் மேல்தகட்டில் ஒரு விளிம்பும் பக்கத்தகட்டில் ஒரு விளிம்பும் உண்டு. பல்லுக்கு முன்னால், அது எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று கட்டுப்படுத்தும் சிறு மேடு ஒன்று இருக்கிறது. நம் ஊழியர்கள் ரேக்கர் என்று சொல்வது அந்த மேட்டைத்தான். இரு பக்கப் பற்களும் ஒரே நீளத்தில், ஒரே கோணத்தில், ஒரே ஆழத்தில் கடித்தால்தான் ரம்பம் நேராக இறங்கும். இந்தச் சமநிலையைக் கையால் காப்பது கடினம் என்பதால்தான் இயந்திரம் வாங்குகிறோம். ஆகவே ஓர் இயந்திரம் எவ்வளவு வேகமாகத் தீட்டுகிறது என்பதைவிட, ஒவ்வொரு பல்லையும் எவ்வளவு ஒரே மாதிரியாகத் தீட்டுகிறது என்பதே முதல் கேள்வி.

சிங்கப்பூரில் சங்கிலிகள் மழுங்குவதற்குக் காரணங்கள் தனி. சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் கட்டை பெரிய தொல்லை தருவதில்லை. ஆனால் அதன் பட்டையில் படிந்திருக்கும் புழுதியும் மணலும் விளிம்பைச் சீக்கிரம் தின்றுவிடும். தென்னை, எண்ணெய்ப்பனை போன்ற மரங்களின் தண்டுக்குள்ளேயே சிலிக்கா துகள்கள் இருப்பதால், சுத்தமான பனைத்தண்டை வெட்டினாலும் சங்கிலி மழுங்கும். தெம்புசு போன்ற கடின மரங்கள் வேறு இருக்கின்றன. அடிக்கட்டையைத் தரையோடு ஒட்டி அறுக்கும் வேலை இவை எல்லாவற்றையும்விட மோசம். ஒரு நொடி மண்ணில் பட்டாலும் போதும். மழுங்கிய சங்கிலிக்கும் மண்ணிலோ ஆணியிலோ பட்டு முனை உடைந்த சங்கிலிக்கும் வேறுபாடு உண்டு. முன்னதை வட்ட அரத்தால் இரண்டு மூன்று இழுப்பில் சரிசெய்யலாம். பின்னதில் உடைந்த பகுதி முழுவதும் போகும்வரை எல்லாப் பற்களையும் பின்னுக்குத் தள்ளித் தேய்க்க வேண்டும். இயந்திரத்தின் உண்மையான பயன் இங்கேதான்.

எனவே இயந்திரம் வந்துவிட்டது என்பதற்காக அரத்தை மூட்டைகட்டி வைத்துவிட வேண்டாம். அரம் ஒரு முறை எடுக்கும் உலோகம் மிகக் குறைவு. சாணைக்கல், கைப்பழக்கம் இல்லாதவரிடம், தேவையானதைப்போல் பல மடங்கு எடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் இயந்திரத்திலேயே வைத்துத் தீட்டும் இடங்களில் சங்கிலிகள் பாதி ஆயுளிலேயே குப்பைக்குப் போவதைப் பார்க்கிறேன். வேலையிடத்தில் அரம், முற்றத்துக்குத் திரும்பியதும் கோணம் கலைந்த அல்லது அடிபட்ட சங்கிலிகளுக்கு மட்டும் இயந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரம்பத்துக்குக் குறைந்தது இரண்டு மூன்று சங்கிலிகளை ஒதுக்கி, அவற்றைச் சுழற்சியில் பயன்படுத்தினால், மரத்தின் மேல் இருக்கும் ஊழியர் மழுங்கிய சங்கிலியோடு போராட வேண்டியதில்லை. நீங்களும் மாலை நேரத்தில் அவசரமாகச் சாணை பிடிக்க வேண்டியதில்லை.

இயந்திர வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. பென்சில்போன்ற சிறு உருளைக் கல்லைச் சுழற்றும் கைக்கருவி, 12 வோல்ட்டில் வண்டி பேட்டரியிலிருந்தே ஓடுவதும் உண்டு; அது அரத்துக்கு மாற்று, அவ்வளவுதான், கோணத்தைக் கைதான் காக்க வேண்டும். அடுத்தது மேசையில் பொருத்தும் சிறு இயந்திரம், ஏறத்தாழ 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள கல்லோடு வருவது. நீங்கள் இணையத்தில் பார்த்தது இந்த இனம். அதற்கும் மேலே 145 மில்லிமீட்டர் கல்லோடு, வார்ப்பு உலோகக் கையும் பிடியும் கொண்டவை. ரம்பச் சங்கிலி தயாரிக்கும் ஆரிகன் நிறுவனத்தின் பெயரில் நெடுங்காலம் விற்ற 511ஏ என்ற மாதிரி இந்த வகைக்கு அளவுகோலாக இருந்தது. அதை இத்தாலியின் டெக்கோமெக் நிறுவனம் தயாரித்துக் கொடுத்தது. அந்த வடிவத்தைப் பார்த்துச் செய்த நகல்கள் இன்று ஏராளம். ரம்பம் தயாரிக்கும் ஸ்டில் நிறுவனத்தின் யுஎஸ்ஜி என்ற மாதிரி இன்னும் ஒரு படி மேல். தகுந்த துணைப்பாகங்களோடு புல்வெட்டியின் வட்டத்தகட்டையும் வேலி கத்தரிக்கும் இயந்திரத்தின் அலகையும்கூட அதில் தீட்டலாம் என்பதால், புல்வெட்டும் குழுக்களும் வைத்திருக்கும் நிறுவனம் அதை எண்ணிப் பார்க்கலாம். முழுத் தானியங்கி இயந்திரங்களும் இருக்கின்றன. உங்கள் அளவுக்கு அவை தேவையில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். விளம்பரங்கள் வாட்டைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. ஒரு பல்லின் விளிம்பிலிருந்து மயிரிழை உலோகத்தை எடுக்க அதிக வலு வேண்டியதில்லை. கல் தடுமாறி வேகம் குறைகிறதென்றால் பெரும்பாலும் நீங்கள் அளவுக்கு மீறி அழுத்துகிறீர்கள் என்றுதான் பொருள். பார்க்க வேண்டியவை மூன்று மூட்டுகள்: கல்லைத் தாங்கிய கை மேலும் கீழும் அசையும் கீல், சங்கிலியைப் பிடிக்கும் தாடை, பல்லை முதுகில் முட்டி நிறுத்தும் சிறு நிறுத்தி. மலிவு இயந்திரங்களில் இம்மூன்றும் பிளாஸ்டிக்காகவோ மெல்லிய தகடாகவோ இருக்கும். கையைக் கீழே இறக்கி, பல்லைத் தொடும் நிலையில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் விரலால் தள்ளிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆடினால், அந்த ஆட்டம் அப்படியே பல்லின் நீளத்தில் வேறுபாடாகப் பதியும். பிறகு தாடையை இறுக்கிச் சங்கிலியை அசைத்துப் பாருங்கள். இறுக்கிய பின்னும் பல் சாய்ந்தால் கோணம் நிற்காது. நிறுத்தி, பல்லின் முதுகை முழுதாகத் தாங்குகிறதா, அல்லது வளைந்துகொடுக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அதை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகு நுண்ணிய புரியோடு இருந்தால் நல்லது. கடைக்காரர் இதையெல்லாம் செய்ய விடமாட்டார் என்றால், அந்தக் கடையே வேண்டாம் என்பது என் கருத்து. இணையத்தில் வாங்குவதில் எனக்குள்ள தயக்கமும் இதனால்தான்: படத்தில் ஆட்டம் தெரியாது.

கை இறங்கும்போதே தாடை தானாக இறுகும் அமைப்பு சில விலை கூடிய மாதிரிகளில் உண்டு; ஆரிகனின் 620 வரிசையில் அது ஹைட்ராலிக்காக வேலை செய்கிறது. ஒரு சங்கிலியில் இருபத்தைந்து முப்பது பற்கள் இருக்கின்றன என்பதையும், ஒவ்வொரு பல்லுக்கும் தாடையை ஒரு முறை இறுக்கி ஒரு முறை தளர்த்த வேண்டும் என்பதையும் நினைத்தால், நாள்தோறும் பல சங்கிலிகள் தீட்டுகிறவருக்கு அது சொகுசு அல்ல என்பது விளங்கும். உங்களுக்கு வாரத்தில் ஒருநாள் மாலை வேலைதான் என்றால், கையால் இறுக்கும் மாதிரியே போதும். அந்தப் பணத்தை நல்ல கற்களுக்குச் செலவிடுங்கள்.

மின்சாரம் பற்றிப் பலர் வோல்ட்டோடு நின்றுவிடுகிறார்கள். அமெரிக்க இயந்திரத்தை வாங்கி, வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் ஆயிற்று என்பது அவர்கள் கணக்கு. டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டைக் குறைக்கும். 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. மேசைச் சாணை இயந்திரங்களில் நல்லவை பெரும்பாலும் இண்டக்ஷன் மோட்டாரில் ஓடுகின்றன. அந்த மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. அமெரிக்காவில் நிமிடத்துக்கு 3,400 சுற்றை ஒட்டி ஓடும் மோட்டார் இங்கே 2,800 சுற்றை ஒட்டித்தான் ஓடும். வேகம் ஆறில் ஒரு பங்கு குறைவதோடு, அதே வோல்ட்டில் குறைந்த ஹெர்ட்ஸ் கிடைப்பதால் மோட்டாரின் இரும்பு உட்கரு நிறைவுநிலைக்குப் போய், கூடுதல் மின்னோட்டம் இழுத்து, சும்மா ஓடும்போதே சூடாகும். நம் ஊர் வெக்கையில், தகரக் கூரைக்கடியில், அந்தச் சூடு மோட்டாரின் ஆயுளைத் தின்னும். ஆரிகன் மாதிரி எண்களின் கடைசியில் வரும் 120 என்பது அந்த வோல்ட்டைத்தான் குறிக்கிறது. அதே இயந்திரம் 230 வோல்ட்டிலும் வருவதால், எண்ணை முழுதாகப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பெயர்த்தகட்டிலிருந்து இன்னும் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ளலாம். 50 ஹெர்ட்ஸில் எந்த இண்டக்ஷன் மோட்டாரும் நேரடியாக நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்ட முடியாது. ஆகவே ஒரு சிறு இயந்திரத்தின் தகட்டில் 4,800 என்றோ 5,000 என்றோ போட்டிருந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் துளையிடும் கைக்கருவியில் இருப்பதைப் போன்ற கார்பன் பிரஷ் மோட்டார். அது கெட்டது என்று சொல்ல வரவில்லை. இரைச்சல் கூடுதல், பிரஷ் தேயும், தொடர்ந்து ஓடத் தாங்காது. இரண்டாவது செய்தி, எஸ்1 அல்லது எஸ்2 என்ற குறி. எஸ்1 என்றால் தொடர்ந்து ஓடலாம். எஸ்2 என்று போட்டு அருகில் சில நிமிடங்களைக் குறித்திருந்தால், அவ்வளவு நேரம் ஓடிய பின் முழுதாக ஆறவிட வேண்டும். ஒரே அமர்வில் நான்கைந்து சங்கிலிகளைத் தீட்ட வேண்டிய உங்களுக்கு இந்தச் சிறு குறி, பெரிய எழுத்தில் போட்ட 220 வாட்டைவிட முக்கியம்.

கல்லின் பருமன் சங்கிலியின் பிட்ச்சைப் பொறுத்தது. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதன் மையத்துக்கும் மூன்றாவதன் மையத்துக்கும் இடையே அளந்து, அதைப் பாதியாக்கினால் கிடைப்பது பிட்ச். உங்கள் மரமேறும் ரம்பங்களில், ஸ்டில் எம்எஸ் 201 டி, ஹஸ்க்வார்னா டி540 போன்றவற்றில், 3/8 அங்குல லோ புரொஃபைல் (பல்லின் உயரம் குறைந்த) சங்கிலி இருக்கும். பேட்டரி ரம்பங்கள் சிலவற்றில் 1/4 அங்குலச் சங்கிலி. இவற்றுக்கும் 0.325 அங்குலச் சங்கிலிக்கும் 3.2 மில்லிமீட்டர் பருமனுள்ள கல் வேண்டும். தரையில் பயன்படுத்தும் பெரிய ரம்பத்தின் முழு 3/8 அங்குலச் சங்கிலிக்கும், பழைய எம்எஸ் 070 போன்ற பெரும் ரம்பங்களின் 0.404 அங்குலச் சங்கிலிக்கும் 4.7 மில்லிமீட்டரை ஒட்டிய கல். ரேக்கரைக் குறைக்க 6 அல்லது 8 மில்லிமீட்டர் கல் தனி. ஆக, உங்களிடம் இருக்கும் ரம்பங்களுக்குக் குறைந்தது இரண்டு கற்கள் உறுதியாகத் தேவை. கல்லை மாற்றுவது எளிதாக இருக்கிறதா, பாதுகாப்பு மூடியைக் கழற்ற எத்தனை திருகு என்பதையும் கடையிலேயே பாருங்கள். மாற்றுவது தொல்லையாக இருந்தால் ஊழியர்கள் ஒரே கல்லில் எல்லாவற்றையும் தீட்டிவிடுவார்கள், அது இயல்பு. கல்லின் நடுத்துளை அளவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 145 மில்லிமீட்டர் கற்களில் பரவலாக உள்ளது 22 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய துளை. அந்த அளவு கொண்ட இயந்திரத்துக்கு எங்கிருந்தும் கல் வாங்கலாம். வேறு அளவென்றால் ஒரே விற்பனையாளரை நம்பியிருக்க வேண்டும்.

சாதாரணக் கல் தேயத் தேய அதன் விட்டமும் விளிம்பின் வளைவும் மாறும். 145 மில்லிமீட்டர் கல் 2,800 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 21 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதே கல் 105 மில்லிமீட்டராகத் தேய்ந்த பின் 15 மீட்டர்தான். வெட்டு மந்தமாகும்போது ஊழியர் இன்னும் அழுத்துவார், பல் சூடாகும். அதனால் கல்லோடு சீவுகட்டி ஒன்றும் கண்டிப்பாக இருக்க வேண்டும். கல்லின் முகத்தில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கையும் உலோகத்துகளையும் அகற்றிப் புதுமுகம் கொண்டுவருவதற்கும், விளிம்பை மறுபடி வட்டமாக்குவதற்கும் அதுவே வழி. சதுர விளிம்போடு தீட்டினால் பல்லின் தொண்டைப் பகுதி (பல்லுக்கும் ரேக்கருக்கும் நடுவே உள்ள பள்ளம்) சரியாக உருப்பெறாது.

சிபிஎன் எனப்படும் போரான் நைட்ரைடு பூசிய உலோகச் சக்கரங்களைப் பற்றியும் கேட்பீர்கள். அவை குளிர்ச்சியாக வெட்டுகின்றன, வடிவம் மாறுவதில்லை, சீவ வேண்டியதில்லை, வெடிக்கும் அபாயமும் கிட்டத்தட்ட இல்லை. விலை மட்டும் கல்லைப்போல் பல மடங்கு. எண்ணெயும் மரத்தூளும் ஒட்டிய சங்கிலியை அப்படியே கொண்டுவந்து வைத்தால் அந்த விலை முழுதும் வீண், ஏனென்றால் பூச்சின் இடுக்குகள் அடைபட்டுவிடும். சங்கிலியைக் கழுவித் துடைக்கும் பழக்கம் உங்கள் முற்றத்தில் வேரூன்றிய பிறகு, அதிகம் தீட்டப்படும் லோ புரொஃபைல் சங்கிலிக்கு மட்டும் ஒன்று வாங்கலாம். வைரச் சக்கரம் வேறு. அது கார்பைடு முனை பதித்த சங்கிலிகளுக்கு உரியது. ஸ்டில்லின் டூரோ அத்தகைய சங்கிலி. சாதாரண எஃகுப் பல்லுக்கு வைரம் ஏற்றதல்ல. உயர் வெப்பத்தில் வைரத்தின் கார்பன் இரும்போடு வினைபுரிந்து சக்கரம் சீக்கிரம் மழுங்கிவிடும். விற்பவர் எல்லாவற்றையும் வைரம் என்றே சொல்லக்கூடும். பெட்டியில் சிபிஎன் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

சூட்டைப் பற்றி ஊழியர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. பல்லின் விளிம்பு நீலமாக மாறினால் அந்த எஃகின் பதம் கெட்டுவிட்டது. சில இடம் மிருதுவாகிக் கூர் நிற்காது. சில இடம் கண்ணாடிபோல் இறுகி, அடுத்த முறை அரம் வழுக்கும். ஒரு பல்லைக் கல்லின் அடியில் வைத்துத் தொடர்ந்து அழுத்தாமல், தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். அதிகம் எடுக்க வேண்டிய அடிபட்ட சங்கிலியென்றால் முழுச் சுற்றையும் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து எடுக்க வேண்டும். ஒரு சுற்று முடிவதற்குள் முதல் பல் ஆறியிருக்கும். தொடங்குமுன் மிகக் குட்டையான பல்லைத் தேடி, நிறுத்தியை அதற்கேற்ப அமைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அந்த நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். தொடங்கிய பல்லில் மையால் ஒரு குறி வைப்பது நல்லது, இல்லாவிட்டால் ஒரு பல் இருமுறை தேயும்.

கோணங்களுக்கு மூன்று அமைப்புகள் நல்ல இயந்திரத்தில் இருக்கும். தாடை சுழல்வது மேல்தகட்டின் கோணத்துக்கு. பெரும்பாலான சங்கிலிகளுக்கு 30 பாகை, சிலவற்றுக்கு 25 அல்லது 35. கல்லைத் தாங்கிய தலை சாய்வது விளிம்பின் அடிக்கோணத்துக்கு. பெரும்பாலும் 55 அல்லது 60 பாகை. மூன்றாவது, தாடையே முன்பின்னாகச் சாய்வது; சதுர முனை கொண்ட சில சங்கிலிகளுக்கு 10 பாகை கேட்பார்கள், மற்றவற்றுக்குப் பூச்சியம். மலிவு இயந்திரங்களில் முதலாவது மட்டும் இருக்கும், மற்ற இரண்டும் நிலையாக அமைந்திருக்கும். சங்கிலிப் பெட்டியில் இருக்கும் தாளில் உங்கள் சங்கிலிக்கு உரிய மூன்று எண்களும் இருக்கும். அந்தத் தாள்களைத் தூக்கிப் போடாமல் இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டி வையுங்கள். வெட்டி வீழ்த்திய அங்சானா, ஆப்பிரிக்க மகோகனி மரங்களின் அடித்துண்டுகளைப் பலகையாக அறுத்துத் தருமாறு மரவேலை செய்கிறவர்கள் இப்போது கேட்கிறார்கள். நார் ஓடும் திசையில் நெடுக அறுக்கும் அந்த வேலைக்கு 10 பாகையை ஒட்டிய கோணம் வேண்டும். அந்த எண்ணம் உங்களுக்கு இருந்தால், தாடை அவ்வளவு குறைந்த கோணத்துக்கும் திரும்புகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இடப்பல்லுக்கும் வலப்பல்லுக்கும் தாடையைத் திருப்பும்போது, சங்கிலியின் நடுக்கோடும் கல்லின் மையமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக அமையாவிட்டால், ஒரு பக்கப் பற்கள் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் முடியும். உங்கள் ஊழியர்களின் அரம் செய்த அதே தவறை இயந்திரமும் செய்துவிடும், இன்னும் ஒழுங்காக. அதைச் சரிசெய்யும் திருகு இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்குமுன் பழைய சங்கிலி ஒன்றைக் கொண்டுபோய், இடது ஒன்றும் வலது ஒன்றும் தீட்டச் சொல்லி, வெர்னியர் அளவியால் இரண்டையும் அளந்துவிடுங்கள். சிறிய வேறுபாட்டை நிறுத்தியைத் திருகிச் சரிசெய்துவிடலாம். கோணத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் வேறுபாடு வெவ்வேறாக வந்தால் அந்த இயந்திரத்தில் ஆட்டம் இருக்கிறது, அதற்கு மருந்தில்லை.

ரேக்கரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பல் பின்னுக்குத் தேயும்போது அதன் உயரமும் குறைகிறது. ரேக்கர் அப்படியே நின்றால், கத்திபோல் கூரான சங்கிலியும் தூளை மட்டும் கொட்டும், சீவல் வராது. லோ புரொஃபைல், 0.325, 3/8 சங்கிலிகளுக்குப் பல்லின் உச்சிக்கும் ரேக்கரின் உச்சிக்கும் வழக்கமான உயர இடைவெளி 0.65 மில்லிமீட்டர், ஸ்டில்லின் 1/4 பி (1/4 அங்குல லோ புரொஃபைல்) சங்கிலிக்கு 0.45. இயந்திரத்தில் தடித்த கல்லை மாட்டி இதைச் செய்யலாம் என்றாலும், தட்டை அரமும் அளவுத்தகடும் கொண்டு கையால் செய்வதையே நான் பரிந்துரைப்பேன். அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டால் ரம்பம் பிடித்து உதைக்கும். மரத்தின் மேல் கயிற்றில் தொங்கும் ஒருவரின் கையில் அது விளையாட்டல்ல.

இயந்திரத்தை எங்கே வைப்பது என்பதையும் யோசித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மேசை விளிம்பில், மார்பு உயரத்தில், போல்ட்டால் இறுக்க வேண்டும். தீட்டிய சங்கிலி தடையின்றித் தொங்க இடம் வேண்டும். தீப்பொறி பறக்கும் திசையில் பெட்ரோல் கலனோ எண்ணெய்த் துணியோ இருக்கக் கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் இதைச் செய்ய முயல்கிறவர்களும் உண்டு. அண்டைவீட்டாரின் பொறுமையையும் அவர்கள் காயவைத்த துணியையும் சேர்த்தே சோதிக்கிறார்கள். கல்லை மாட்டுமுன் நடுத்துளையில் தொங்கவிட்டு, மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல பீங்கான் பிணைப்புக் கல் கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். மாட்டிய பின் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, அந்த நேரத்தில் கல்லின் நேர்க்கோட்டில் நிற்காமல் விலகி நில்லுங்கள். கண்ணாடி, முகக்கவசம் இரண்டும் தவறாமல் வேண்டும். பிசின் பிணைப்புக் கற்கள் ஈரத்தில் வலுவிழக்கும். நம் ஊர்க் காற்றில் அவற்றைத் திறந்த அலமாரியில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்காமல், மூடிய டப்பாவில் வைத்து, பழையதை முதலில் பயன்படுத்துங்கள்.

கடைகளைப் பொறுத்தவரை, ஜாலான் புசார் பகுதியின் இரும்புச் சாமான் கடைகளில் 108 மில்லிமீட்டர் வகை எளிதில் கிடைக்கும். 145 மில்லிமீட்டர் வகைக்கு ரம்ப நிறுவனங்களின் அதிகாரபூர்வ முகவர்களிடம் போவதே நல்லது, விலை கூடினாலும் உதிரிபாகம் அவர்களிடம்தான் இருக்கும். உத்தரவாதம் எத்தனை மாதம் என்று கேட்பதோடு, நிறுத்தி, தாடையின் இறுக்குப்பிடி, கல்லைப் பிடிக்கும் விளிம்புத்தகடு ஆகிய மூன்றும் தனியே கிடைக்குமா, இப்போது கையிருப்பில் உள்ளனவா என்று கேளுங்கள், ஏனென்றால் முதலில் தேய்வதும் உடைவதும் அவைதான். 3.2 மில்லிமீட்டர் கல் மூன்று, 4.7 மில்லிமீட்டர் கல் இரண்டு, சீவுகட்டி ஒன்று ஆகியவற்றை விலையில் சேர்த்துப் பேசிப் பாருங்கள், முகவர் ஒத்துக்கொள்ளக்கூடும். தீட்டும் பொறுப்பை எல்லா ஊழியர்களுக்கும் பகிர்ந்துவிடாமல், பொறுமையான ஒருவரிடம் மட்டும் ஒப்படையுங்கள். முகவர் வந்து இயந்திரத்தைப் பொருத்திக் காட்டும் நாளில் அந்த ஊழியர் பக்கத்தில் நிற்கட்டும், உங்கள் சங்கிலிகளில் ஒன்றை அவர் கையாலேயே முழுதாகத் தீட்டி முடித்த பிறகு ரசீதில் கையெழுத்திடுங்கள்.